'நான்' என்று எண்ணி உயிரைக் காப்பார்களாம்!

நான்மாடக்கூடலான் | திங்கள், காலை 6.10

நேற்று மாலை தமுக்கம் பக்கம் ஒரு கூட்டம். இணையவழி மனநல ஆலோசனை பற்றி என்று சொல்லி, பக்கத்து வீட்டுத் தம்பி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மேடையில் ஓர் இளைஞர், ஏதோ மென்பொருள் நிறுவனமாம், திரையில் படம் காட்டிப் பேசினார். ஆலோசனை கேட்டு வருபவர் அரட்டைப் பெட்டியில் எழுதும் சொற்களை இயந்திரம் எண்ணுமாம். 'நான்' என்ற சொல் கூடினால் அவர் தனக்குள்ளேயே சுருங்குகிறார், உயிரை மாய்த்துக்கொள்ளும் அபாயம் இருக்கிறது என்று சிவப்பு விளக்கு எரியுமாம். அரங்கில் நான்கு பேர் கைதட்டினார்கள்.

31 ஆண்டு பள்ளியில் தமிழ் நடத்தியவன் நான். எழுந்து கேட்டேன்: "தம்பி, 'சாப்பிட்டேன், படுத்தேன், தூக்கம் வரவில்லை, அழுதேன்' என்று ஒருவன் எழுதினால் உங்கள் இயந்திரம் எத்தனை 'நான்' எண்ணும்?" ஒன்றும் இல்லை என்றார். எழுதியவனோ தன்னைத் தவிர வேறு எவரையும் பற்றிப் பேசவில்லை! தமிழில் வினைமுற்றின் வாலிலேயே ஆள் உட்கார்ந்திருக்கிறான். அந்த 'ஏன்' விகுதிதான் ஆள். தனிச்சொல் தோளில் போடும் துண்டு மாதிரி, போட்டாலும் போடாவிட்டாலும் ஆள் அங்கேதான் இருக்கிறான். ஆங்கிலத்துக்கு அந்த வசதி இல்லை, 'ஐ' இல்லாமல் அங்கே வாக்கியமே நகராது.

அவர் சிரித்துக்கொண்டே, "நல்ல பாயிண்ட் சார், அடுத்த வெர்ஷனில் பார்க்கிறோம்" என்றார். உயிர் விஷயத்தில் அடுத்த வெர்ஷனா? பஸ்ஸில் வரும்போதும் மனசு ஆறவில்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று. தமிழில் 'நான்' எங்கே இருக்கிறது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும். சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த நான்மாடக்கூடலில் வந்து இதைப் பேச எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

பைதான்பாண்டி | திங்கள், காலை 9.25

ஐயா, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேடையில் பேசியவர் எனக்குச் சொந்தமும் இல்லை, அவர் கம்பெனியில் எனக்குச் சம்பளமும் இல்லை. ஜிகர்தண்டா திரியில் "நீ எந்தக் கடைக்காரர் மருமகன்?" என்று கேட்ட மாதிரி இங்கேயும் கேட்டுவிடாதீர்கள்.

அந்த 'நான்' கதை சும்மா கட்டிவிட்டது இல்லை. 2001இல் ஷானன் ஸ்டிர்மனும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் ஓர் ஆய்வு செய்தார்கள். தற்கொலையால் இறந்த கவிஞர்கள் 9 பேர், அப்படி இறக்காதவர்கள் 9 பேர், சுமார் 300 கவிதைகள். முதல் கூட்டத்தின் கவிதைகளில் தன்மை ஒருமைச் சொற்கள் கூடுதலாக இருந்தன. அப்புறம் 2018இல் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் 63 இணைய மன்றங்கள், 6,400க்கும் மேற்பட்டோர் எழுதியது என்று பெரிய அளவில் பார்த்தார்கள். மனச்சோர்வு, பதற்றம், தற்கொலை எண்ணம் பற்றிய மன்றங்களில் 'எப்போதும், ஒருபோதும், முழுக்க' என்று ஒரேயடியாகப் பேசும் சொற்கள் தூக்கலாக இருந்தன. 'நான்' கணக்கைவிட இதுதான் நல்ல அடையாளம் என்றே அவர்கள் எழுதினார்கள். ஆகவே 'நான்' வெறும் உதாரணம். அதையே பிடித்துக்கொள்ள வேண்டாம் சார்.

நான்மாடக்கூடலான் | திங்கள், காலை 9.48

உதாரணம் என்றால் பொருந்துகிற உதாரணம் காட்ட வேண்டும் தம்பி. பிறநாட்டுக் கவிஞர்கள் 9 பேரை வைத்து ஒத்தக்கடைப் பையனை அளப்பதா?

'ஒரேயடியாகப் பேசும் சொல்' என்கிறீர்கள். இன்று காலை என் துணைவியார் காய்கறி வாங்கிவிட்டு வந்து பையை வைத்ததும் சொன்னது: "மார்க்கெட்ல ஒண்ணுமே இல்ல, எல்லாமே வாடல், எப்பவுமே இவங்க இப்படித்தான்." மூன்று சிவப்பு விளக்கு. கத்தரிக்காய்க்காக. நம் 'ஏ'காரமும் 'உம்'மும் செய்கிற வேலையை அந்த ரெடிங்காரர்கள் கேட்டதுண்டா?

என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. தமிழில் 'நான்' எங்கே இருக்கிறது?

செல்லூர்த்தறி | திங்கள், காலை 10.30

வாத்தியாரய்யா சொல்வதில் பாதி சரி. எங்கள் தெருவில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை "செத்தேன்டா" கேட்கும் தெரியுமா? வெயில் அடித்தால் செத்தேன், டீ சூடாக இருந்தால் செத்தேன், மச்சான் ஜோக் சொன்னால் சிரிச்சே செத்தேன். அம்மா பிள்ளையைப் பார்த்து "உயிரை வாங்காத" என்பார், பிள்ளை அம்மாவைப் பார்த்து "சாவடிக்காத" என்பான். இரண்டு பேரும் அப்புறம் ஒரே தட்டில் பரோட்டா பிய்ப்பார்கள். அந்த இயந்திரத்தைச் செல்லூரில் மாட்டினால் 108 வண்டியெல்லாம் எங்கள் தெருவிலேயே நிற்கும்.

பைதான்பாண்டி | திங்கள், காலை 11.05

செல்லூர் அண்ணே, நீங்கள் சொல்வது பழைய சொல் எண்ணும் முறைக்குத்தான் பொருந்தும். இப்போது முழு வாக்கியத்தையும், அதற்கு முந்தின வரிகளையும் சேர்த்துப் பார்க்கும் கணினி மொழி மாதிரிகள் (மாடல்கள்) வந்துவிட்டன. கூகுள் வெளியிட்ட முரில் 16 இந்திய மொழிகளில் பயின்றது, ஆங்கில எழுத்தில் அடித்த தமிழையும் சேர்த்து. 'சிரிச்சே செத்தேன்' எது, 'செத்தா யாருக்கு என்ன' எது என்று கற்றுக்கொடுக்க முடியும். அதற்குத் தமிழ் உரையாடல்களைப் பார்த்துத் தரம் பிரித்துக் கொடுக்க ஆள் வேண்டும். இங்கே கத்தரிக்காய் பேசுகிறவர்கள் அந்த வேலைக்கு வந்தால் நன்றாக இருக்கும்.

அப்புறம், சும்மா ஒரு ஆசைக்கு வாத்தியாரின் முதல் பதிவை என் நிரலில் ஓட்டினேன். பெயர், தலைப்பு உட்பட 'நான்' 9 முறை. தமிழில் 'நான்' எங்கே இருக்கிறது என்று கேட்டீர்களே. உங்களிடம்தான் சார் இருக்கிறது.

நான்மாடக்கூடலான் | திங்கள், காலை 11.40

எண்ணிப் பார்த்தேன். பேப்பரில், பேனாவால்.

ஒன்று என் பெயர், நான்மாடக்கூடலான். இன்னொன்று ஊர்ப்பெயர், நான்மாடக்கூடல். மற்றொன்று 'நான்கு பேர் கைதட்டினார்கள்'. இந்த மூன்றிலும் இருப்பது எண், ஆள் இல்லை! தலைப்போடு சேர்த்து இன்னும் நான்கு இடங்களில் அந்தச் சொல்லைப் பற்றியே பேசியிருக்கிறேன், மேற்கோள் குறிக்குள். மீதி இரண்டே இரண்டு இடத்தில்தான் என்னைச் சொல்லியிருக்கிறேன். 9இல் 2!

மதுரையின் பழைய பெயரைச் சொன்னவனைத் தற்கொலை அபாயத்தில் சேர்க்கிற நிரலை வைத்துக்கொண்டு உயிர் காக்கக் கிளம்பியிருக்கிறார்கள். திருவிளையாடலில் நான்கு மேகங்கள் நான்கு மாடங்களாகி ஊரை மழையிலிருந்து காத்தன. அந்த நான்கைத்தான் பைதான்பாண்டியின் நிரல் அகந்தை என்று படித்திருக்கிறது.

கீழமாசிவீதி | திங்கள், பகல் 12.15

மேகம் என்பது புராணக்கதை ஐயா. நான்மாடம் என்பது நான்கு கோயில்கள் என்று சொல்பவர்களும் உண்டு. சித்திரைத் திருவிழா திரியிலேயே இதை எழுதினேன், நீங்கள் பதில் சொல்லாமல் போய்விட்டீர்கள்.

நான்மாடக்கூடலான் | திங்கள், பகல் 12.22

பதில் சொல்லாமல் போகவில்லை. மட்டுறுத்துநர் அந்தத் திரியைப் பூட்டினார். கோயில் என்ற விளக்கமும் எனக்குத் தெரியும், நீங்கள் பிறப்பதற்கு முன்பிருந்தே தெரியும்.

மனநலமாணவி | திங்கள், பகல் 1.05

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். முதுநிலை உளவியல் படிக்கிறேன். இவ்வளவு பேசுகிறோம், 'அபாயம்' என்று எதைச் சொல்கிறோம்? செத்தால் நன்றாயிருக்கும் என்று ஒரு நினைப்பு, திட்டம், முயற்சி, இறப்பு எல்லாம் தனித்தனி. நினைப்பு இருக்கும் பெரும்பாலோர் முயற்சிக்குப் போவதில்லை. எதைக் கண்டுபிடிக்கும் இயந்திரம் என்று முடிவு செய்யாமல் சரி தப்பு எப்படிச் சொல்வது? 2017இல் வந்த ஒரு தொகுப்பாய்வு 50 ஆண்டுக் கால ஆராய்ச்சியில் 365 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. தனித்தனி அபாயக் காரணிகளை வைத்துக் கணிப்பது காசு சுண்டிப் போடுவதைவிட ஏதோ கொஞ்சம்தான் மேல் என்று முடிந்தது. அதில் மனிதர்கள் காலங்காலமாக நம்பிய காரணிகளும் அடக்கம், இயந்திரம் மட்டும் இல்லை.

நான்மாடக்கூடலான் | திங்கள், பகல் 1.12

நன்றாகப் படிக்கிறீர்கள் அம்மா, வாழ்க. ஆனால் அது வேறு விஷயம். இங்கே பேச்சு 'நான்' பற்றி.

பைதான்பாண்டி | திங்கள், பகல் 1.20

ஆமாம், அது வேறு விஷயம்தான். சார், அது சும்மா விளையாட்டுக்கு எழுதிய இரண்டு வரி நிரல். 'நான்கு' சிக்கியது சொல் எல்லை வைக்காததால், அதாவது 'நான்' தனிச்சொல்லாக நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லாததால். அதை வைத்து ஒரு துறையையே குப்பை என்று சொல்ல முடியாது.

அல்ஜீப்ரா_அண்ணாநகர் | திங்கள், மாலை 4.40

சொல் எல்லையை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2022க்குக் கொடுத்த தற்கொலை எண்ணிக்கை: நாடு முழுவதும் 1,70,924 பேர், தமிழ்நாட்டில் 19,834 பேர். நம் மாநிலத்தில் லட்சத்துக்குச் சுமார் 26. இப்போது 90 சதவீதம் சரியாகச் சொல்லும் இயந்திரம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். லட்சம் பேர் உள்ள ஊரில் ஓட்டினால் அந்த 26இல் 23 பேரைப் பிடிக்கும். கூடவே மற்றவர்களில் 10 சதவீதத்தை, அதாவது ஏறக்குறைய 10,000 பேரைத் தப்பாகக் காட்டும். 10,000 வீட்டுக் கதவைத் தட்டப்போவது யார்?

பைதான்பாண்டி | திங்கள், மாலை 5.10

சார், ஊர் முழுவதும் ஓட்டினால்தான் அந்தக் கணக்கு. ஆலோசனைக்கு வருகிறவர் ஏற்கெனவே மனசு உடைந்து வருகிறவர். அங்கே லட்சத்துக்கு 26 என்று எடுக்கக் கூடாது. மேலும் யார் கதவையும் யாரும் தட்டச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 2013இல் தொடங்கிய கிரைசிஸ் டெக்ஸ்ட் லைன் என்ற குறுஞ்செய்தி ஆலோசனை அமைப்பு செய்வதும் அதுதான். வந்த குறுஞ்செய்திகளை இயந்திரம் படித்து வரிசையை மாற்றும், அவசரமானவர் முன்னால் வருவார். தப்பாகக் காட்டினால் ஒருவருக்கு இரண்டு நிமிடம் முன்னால் பதில் கிடைக்கும். அதில் என்ன நஷ்டம்?

அல்ஜீப்ரா_அண்ணாநகர் | திங்கள், மாலை 5.18

அதே அமைப்பு அந்த உரையாடல்களை, பெயரை எடுத்துவிட்டோம் என்று சொல்லி, வாடிக்கையாளர் சேவை மென்பொருள் விற்கும் கம்பெனிக்குக் கொடுத்து 2022இல் மாட்டிக்கொண்டதே, அந்த நஷ்டம். சத்தம் கிளம்பிய பிறகுதான் நிறுத்தினார்கள். இந்தப் பாதியை ஏன் எழுதவில்லை?

பைதான்பாண்டி | திங்கள், மாலை 5.21

கேட்டிருந்தால் எழுதியிருப்பேன்.

இரவுப்பணி | திங்கள், இரவு 8.15

இரண்டு வருடமாக இரவு அரட்டை ஆலோசனையில் தன்னார்வலராக இருக்கிறேன். எந்த அமைப்பு என்று சொல்ல மாட்டேன். கீழே எழுதுவதில் ஆள், ஊர், சாமான் எல்லாம் மாற்றியிருக்கிறேன்.

11 மணிக்கு மேல் திரையில் வரிசை கட்டி நிற்பார்கள். 7 பேர் காத்திருந்தால் நாங்கள் இருப்பது 2 பேர். ஒவ்வொருவர் எழுதியதிலும் முதல் வரி மட்டும் தெரியும். 'ஹலோ'. 'யாராவது இருக்கீங்களா'. 'மேடம் ஒரு டவுட்'. இதில் யாரை முதலில் எடுப்பது? இங்கே யாரும் கேட்காத கேள்வி இதுதான்.

ஒருநாள் ஒரு பையன் வந்தான். 'அக்கா சாப்டீங்களா?' என்றுதான் ஆரம்பித்தான். பரீட்சை, கொஞ்சம் கடன், அப்பா பேசாமல் இருப்பது என்று போனது பேச்சு. வாத்தியார் ஐயா, 'நான்' என்று அவன் ஒருமுறைகூட எழுதவில்லை. அழுகிற பொம்மை முகமும் போடவில்லை. திடீரென்று பதில் நின்றது. 'எழுதுகிறார்' என்று மூன்று புள்ளி வரும், அணையும். மறுபடி வரும், அணையும். நாலு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் வந்தது: 'வண்டி ஆர்சி பீரோ மேல்தட்டுல இருக்கு. ஆட்டுக்குட்டிக்கு மட்டும் காலைல யாராச்சும் தண்ணி வைக்கணும்.' கொஞ்சம் விட்டு, 'சரிக்கா, போறேன்.'

வாசல் தாண்டுகிறவன் நம் ஊரில் 'போயிட்டு வர்றேன்' என்பான். அது ஒரு பக்கம். எனக்குக் கை சில்லிட்டது ஆட்டுக்குட்டியைப் பார்த்துத்தான். பொறுப்பை ஒவ்வொன்றாக இறக்கி வைக்கிறான். நேராகவே கேட்டேன்: 'தம்பி, உயிரை விடணும்னு நினைக்கிறியா?' அப்படிக் கேட்டால் இல்லாத நினைப்பும் வந்துவிடும் என்பார்கள். வராது. எங்கள் பயிற்சியில் முதல் பாடமே நேராகக் கேள் என்பதுதான். ரொம்ப நேரம் கழித்து 'ம்' என்று ஒரே எழுத்து வந்தது. மீதியை இங்கே எழுதுவது முறையில்லை. ஆள் இருக்கிறான், அது போதும்.

இயந்திரம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 7 பேரில் இவரை முதலில் எடு என்று காட்டினால் கும்பிட்டு வாங்கிக்கொள்வேன். பயம் எதில் என்றால், 'பரவாயில்லக்கா, மத்தவங்களப் பாருங்க' என்று மரியாதையாக எழுதுகிறவனை அது வரிசையில் கடைசிக்குத் தள்ளிவிடும். எனக்குத் தெரிந்து அப்படி எழுதுகிறவர்களைத்தான் விடக் கூடாது.

நான்மாடக்கூடலான் | திங்கள், இரவு 8.31

பார்த்தீர்களா! 'நான்' ஒருமுறைகூட இல்லை! சகோதரி தன் வாயால் சாட்சி சொல்லிவிட்டார். 'போறேன்' என்ற மூன்றெழுத்தில் 'போ' இருக்கிறது, காலம் இருக்கிறது, 'ஏன்' விகுதியில் அந்தப் பிள்ளை முழுதாக இருக்கிறான். காலையிலிருந்து இதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பைதான்பாண்டி | திங்கள், இரவு 8.40

சார், அக்கா எழுதியது எங்கள் கட்சிக்குத்தான் சாதகம். 'போயிட்டு வர்றேன்' இல்லாமல் 'போறேன்' மட்டும் வருவது, பதில் வரும் இடைவெளி, பொருளை ஒப்படைப்பது எல்லாம் இயந்திரம் கற்றுக்கொள்ளக் கூடிய அடையாளங்கள். 'நான்' தேவையே இல்லை என்று நானே சொல்கிறேன்.

நான்மாடக்கூடலான் | திங்கள், இரவு 8.44

தேவையே இல்லை என்று ஒப்புக்கொண்டாயிற்று. எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள்.

பைதான்பாண்டி | திங்கள், இரவு 8.45

ஒப்புக்கொள்ளவில்லை!! முதல் பதிவிலேயே உதாரணம் என்றுதானே சொன்னேன்.

தாமிரவருணி | திங்கள், இரவு 9.02

திருநெல்வேலியில் இருந்து ஒரு சந்தேகம். மதுரையில் எல்லாரும் 'வர்றேன்'தான் சொல்வீர்களா? எங்கள் ஊரில் 'போயிட்டு வாரேன்'. இயந்திரம் 'வர்றேன்' என்று மட்டும் தேடினால் நாங்கள் எல்லாரும் திரும்பி வராத ஆட்களா?

செல்லூர்த்தறி | திங்கள், இரவு 9.06

'வாரேன்' எங்கள் ஊரிலும் உண்டு. எங்கள் அப்பத்தா அப்படித்தான் சொல்லும். அதைத் திருநெல்வேலிக்கு மட்டும் பட்டா போட்டுக்கொள்ளாதீர்கள்.

தாமிரவருணி | திங்கள், இரவு 9.09

அப்பத்தா எந்த ஊரில் பிறந்தது, அதைக் கேட்டுச் சொல்லுங்க அண்ணாச்சி.

செல்லூர்த்தறி | திங்கள், இரவு 9.11

அப்பத்தா பிறந்த ஊர் திருமங்கலம். போதுமா? அல்வா திரியில் வாங்கியது மறந்துபோச்சா?

கீழமாசிவீதி | திங்கள், இரவு 9.20

எழுத்துத் தமிழில் 'வருகிறேன்'. அதில் றகரம் எங்கே இருந்து வந்ததோ அதைத்தான் 'வர்றேன்' வைத்திருக்கிறது. இணையத்தில் பாதிப் பேர் 'வர்ரேன்' என்று எழுதுகிறார்கள். வாத்தியார் இதைக் கண்டிக்க மாட்டார், அவருக்கு 'நான்' மட்டும்தான்.

நான்மாடக்கூடலான் | திங்கள், இரவு 9.24

'வர்ரேன்' பிழை. கண்டித்தாயிற்று. 'நான்' பற்றிப் பேசுவோமா?

உசிலம்பட்டிக்காரன் | திங்கள், இரவு 9.50

எல்லாரும் எழுதுகிறவனைப் பற்றியே பேசுகிறீர்கள். எழுதாதவனை என்ன செய்வது? எங்கள் பெரியப்பா மகன் ஒருவர். வீட்டில் ஒரே போன், அதில் பிள்ளைகள் கேம் விளையாடும். அவர் யாருக்கும் ஒரு வரி எழுதினதில்லை. பேசினதும் அதிகம் இல்லை. போவதற்கு முந்தின வாரம் எல்லார் வீட்டுக்கும் போய் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு வந்திருக்கிறார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். என்னண்ணே இந்தப் பக்கம் என்று கேட்டேன். சும்மாதான் என்றார். அதற்கு மேல் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அந்தக் காப்பியை எந்த இயந்திரம் எண்ணும்?

இன்னொன்று. எங்கள் பக்கம் ஆஸ்பத்திரியில் சேர்த்தால் போலீஸ் கேஸ் ஆகும் என்று இன்னும் பயப்படுகிறார்கள். ஆன்லைனில் எழுதினால் எவனாவது படித்து வீட்டுக்குச் சொல்லிவிடுவான் என்று நினைப்பவன் எழுதுவானா?

மனநலமாணவி | திங்கள், இரவு 10.05

அண்ணா, உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். கேட்கத் தோன்றாதது உங்கள் குற்றம் இல்லை. சட்டம் பற்றி மட்டும் சொல்கிறேன். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயற்சி செய்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலை முதல் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவே இல்லை. பொது ஊழியரை மிரட்டிக் காரியம் சாதிக்க முயல்வதற்கு மட்டும் தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். ஊரில் இதைச் சொல்லுங்கள்.

அல்ஜீப்ரா_அண்ணாநகர் | திங்கள், இரவு 10.12

இரவுப்பணி மேடத்துக்கு ஒரு கேள்வி. ரகசியம் காப்போம் என்று சொல்லிவிட்டு அந்தப் பையனின் உரையாடலை வரி வரியாக இங்கே வைத்திருக்கிறீர்கள். அமெரிக்காக்காரன் கம்பெனிக்குக் கொடுத்தான், நீங்கள் எங்களுக்குக் கொடுத்தீர்கள். என்ன வித்தியாசம்?

இரவுப்பணி | திங்கள், இரவு 10.20

மாற்றியிருக்கிறேன் என்று முதல் பத்தியிலேயே எழுதினேன். ஆட்டுக்குட்டி ஆட்டுக்குட்டியே இல்லை. ஆர்சி ஆர்சியே இல்லை. அவன் எழுதின மாதிரி ஒரு வரியும் இங்கே இல்லை. படித்துவிட்டுக் கேளுங்கள் சார்.

இதையும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு எழுதினேன், எல்லாரும் 'போறேன்', 'வர்றேன்', 'வாரேன்' என்று எழுத்தைப் பிடித்துக்கொண்டீர்கள். ஆட்டுக்குட்டிக்குத் தண்ணி வைக்கச் சொன்னதை ஒருத்தர்கூட எடுத்துப் பேசவில்லை. உசிலம்பட்டி அண்ணன் ஒருவருக்குத்தான் புரிந்தது. ஷிஃப்ட் இருக்கிறது, போயிட்டு வர்றேன்.

பைதான்பாண்டி | திங்கள், இரவு 10.24

அக்கா, பொருளை ஒப்படைப்பது என்று நான் எழுதினேனே. 8.40 பதிவைப் பாருங்கள்.

அல்ஜீப்ரா_அண்ணாநகர் | திங்கள், இரவு 10.26

அப்படியானால் இல்லாத ஆட்டுக்குட்டியை ஆதாரமாக வைத்துத்தான் இவ்வளவு நேரம் பேசியிருக்கிறோம். நல்லது. 'போறேன்' மட்டும் உண்மையா, அதுவும் மாற்றியதா?

நான்மாடக்கூடலான் | திங்கள், இரவு 10.28

'போறேன்' உண்மையாகத்தான் இருக்க வேண்டும்.

மட்டுறுத்துநர் | திங்கள், இரவு 10.45

எல்லோரும் கொஞ்சம் நிதானம். தன்னார்வலரைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டாம். வாசிப்பவர்களில் யாருக்காவது மனசு கனமாக இருந்தால் டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள். தமிழ்நாடு அரசின் 104 இருக்கிறது. வழிமுறை விவரம் எதுவும் இங்கே எழுதக் கூடாது, எழுதினால் நீக்குவேன். அல்வாவும் ஜிகர்தண்டாவும் அந்தந்தத் திரியில்.

செல்லூர்த்தறி | திங்கள், இரவு 10.50

ஜிகர்தண்டா திரியைப் பூட்டியதே நீங்கள்தானே. எங்கே போய்ப் பேசுவது?

மனநலமாணவி | திங்கள், இரவு 10.58

2014இல் பிரிட்டனில் சமாரிட்டன்ஸ் அமைப்பு ட்விட்டருக்கு ரேடார் என்று ஒரு செயலி விட்டது. நாம் பின்தொடர்பவர் கவலைக்கிடமாக எதையாவது எழுதினால் நமக்குத் தகவல் வரும். எழுதியவருக்கு அது தெரியாது. எதிர்ப்பு கிளம்பி ஒன்பது பத்து நாளிலேயே நிறுத்திவைத்தார்கள். நல்ல நோக்கம்தான், ஆனால் அந்த ஆளிடம் யாரும் கேட்கவில்லை. உசிலம்பட்டி அண்ணன் கேட்டதும் அதுதான். அதைப் பற்றி யாராவது பேசலாமே?

நான்மாடக்கூடலான் | செவ்வாய், காலை 5.55

இரவெல்லாம் யோசித்தேன். பைதான்பாண்டி சொல் எல்லை வைத்து 'நான்கு' என்பதைக் கழித்துவிடுவதாகச் சொல்கிறார். சரி. 'நானும்' என்றால்? 'நானா' என்றால்? 'நாந்தான்' என்று ஒட்டி எழுதுபவனை எப்படிப் பிடிப்பீர்கள்? மதுரையில் பாதிப் பேர் 'நாங் கேட்டேன்' என்றுதான் உச்சரிக்கிறான், அப்படியே அடிக்கவும் செய்கிறான். சொல் எல்லை வைத்தால் இதெல்லாம் நழுவும், எடுத்தால் நான்மறையும் நான்முகனும் உள்ளே வந்து விழுவார்கள். 'எனக்கு', 'என்னால', 'என்னைய' தனி. இவ்வளவுக்கும் பிறகு விகுதி இருக்கிறது. 'ஏன்' விகுதியைத் தேடினால் 'ஏன்' என்ற கேள்விச் சொல்லும் கூடவே வரும்.

பைதான்பாண்டி | செவ்வாய், காலை 8.50

சார், இது அருமையான பட்டியல், கிண்டல் இல்லை. இதையே முழுசாக எழுதிக் கொடுத்தால் நிரலில் சேர்த்துவிடலாம்.

நான்மாடக்கூடலான் | செவ்வாய், காலை 8.58

எதற்கு? உங்கள் கம்பெனி விற்பதற்கு ஓய்வூதியக்காரன் இலவசமாக இலக்கணம் எழுதித் தர வேண்டுமா?

பைதான்பாண்டி | செவ்வாய், காலை 8.59

என் கம்பெனி இல்லை சார்!!! முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன்!

செல்லூர்த்தறி | செவ்வாய், காலை 9.03

அப்ப மருமகன்தானா?